கடைசி மூன்று மீட்டர்

"மேடம், கலம் நம்ம காலை வாரிவிட்டுடுச்சு," என்றார் சவரிமுத்து.

முப்பது வருஷம் ராக்கெட் ஏவியவர். விண்வெளியில் கலங்களை இணைக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பத்து வயது இளைய மெஹருன்னிசாவிடம் மாணவராக வந்திருந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. பிடிவாதத்தை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

"என்ன செஞ்சது?"

"இன்னொரு கலத்துக்கு மூணு மீட்டர் வரைக்கும் அழகாப் போச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. அதுக்குள்ள நம்ம ஆன்டெனாவுக்கு எட்டாம போயிருச்சு. பயந்து பின்வாங்கினதுல எரிபொருளும் போச்சு. இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கு."

"ஏன் நின்னது?"

சவரிமுத்து கையிலிருந்த மைப்பேனாவை மூடாமலே மேஜையில் வைத்தார்.

"கடைசி மூணு மீட்டருக்கு முன்னாடி நம்மகிட்ட அனுமதி கேக்கணும்னு புரோகிராம்ல ஒரு வரி எழுதியிருந்தேன்."

"அதை எடுத்துடலாமா?"

"வேண்டாம் மேடம். ரெண்டும் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுது. முட்டிக்கிட்டா ரெண்டுமே போச்சு. ஒரு மனுஷன் பார்த்துச் சொன்னா என்ன தப்பு?"

"மேல வீடு கட்டப் போறோம் சார். ஒரே ராக்கெட்ல அது போகாது. துண்டு துண்டாப் போய் அங்கதான் சேரணும். நாளைக்கு நிலாவுக்குப் பின்பக்கமும் சேரணும். அங்க நம்ம சிக்னலே எட்டாது. யாரைக் கேக்கும்?"

"அதை அப்போ பார்த்துக்கலாம்."

மேஜையில் அவருடைய மைப்பேனா திறந்து கிடந்தது. மெஹருன்னிசா பேனாவை அவரது ஒரு கையிலும் மூடியை மறு கையிலும் கொடுத்தார்.

"நான் சொன்னதும் மூடுங்க."

"சொல்லுங்க."

மெஹருன்னிசா டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

சவரிமுத்து சொன்ன சொல் தவறாதவர். காத்திருந்தார். பத்து நிமிடமாயிற்று, கை கடுத்தது. கேன்டீன் பக்கமிருந்து மெஹருன்னிசாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சவரிமுத்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

அரை மணி கழித்து மெஹருன்னிசா திரும்பினார். பேனா மூடியோடு சவரிமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"மை காஞ்சிரும்ல மேடம்!"

சொன்னவர் திரும்பித் திரையில் இருந்த அந்த வரியைப் பார்த்தார்.

மெஹருன்னிசா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த வரியைச் சவரிமுத்துவே அழித்தார்.

மறுநாள் நண்பகல். முப்பது மீட்டர் இடைவெளி இருக்கும்போதே கலங்கள் ஆன்டெனாவின் எல்லையைத் தாண்டிவிட்டன. திரை வெறுமையானது. இனி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தகவலும் வராது. சவரிமுத்து டிபன் டப்பாவைத் திறந்தார்.

கலங்கள் சுற்றி வந்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன.

கைதட்டல் அடங்குவதற்குள் விண்வெளி மைய இயக்குநரின் போன் வந்தது. சவரிமுத்து எடுத்தார்.

"கடைசி மூணு மீட்டருக்கு அனுமதி கொடுத்தது யாருங்க? நீங்களா?"

"நான் இல்ல சார்," என்றார் சவரிமுத்து. "நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."