மினுங்காத கப்பல்

தூத்துக்குடிக் கப்பல் முதலாளி ரத்தினவேலுவுக்கு எதிலாவது குறை சொன்னால்தான் சோறு இறங்கும். தன் கப்பலைப் போலவே ஒரு சின்ன மாதிரிக் கப்பல் கேட்டார், துளியும் மினுங்கக் கூடாதாம்.

அவரிடம் வேலை பார்க்கும் செசீலி அதைச் செய்து, மினுக்கத்தை அடக்கும் மேட் வார்னிஷும் அடித்துக் கொடுத்தாள். முதலாளி அதைத் தான் வாங்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "மினுங்குதே" என்றார். வெளியே எடுத்து மறுபடி அடித்தாள். உள்ளே வைத்ததும், "இன்னும் மினுங்குது." அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

கப்பலைப் பார்க்க வந்திருந்த விருந்தாளிகள் முன்னால், "இதுகூட வரலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத" என்றார்.

"எந்த இடம்னு தொட்டுக் காட்டுங்க முதலாளி, அடிச்சிருதேன்" என்றாள் சலிப்போடு.

முதலாளி விறுவிறுவென்று வந்து விரலை நீட்டினார். அது கண்ணாடியில் டக்கென்று முட்டி நின்றது.

செசீலி வார்னிஷ் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"இந்தக் கண்ணாடிக்கே அடிச்சிரவா?"