குடிக்காதவரின் கல்லீரல்

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரி நாகலிங்கம். தெருமுனை மதுக்கடையை மூடச் சொல்லி மூன்று நாள் பட்டினி கிடந்தவர். ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்குத்தான் கல்லீரல் வீங்கியது.

"உடம்பைக் காக்கிற காவலே ஈரலை எதிரின்னு நினைச்சு அடிக்குது. மாத்திரையில அடக்கி வைக்கலாம்," என்றார் டாக்டர் மெர்சி. "இந்தச் சுபாவம் ரத்த உறவுல வரலாம், வராமலும் போகலாம். பொண்ணு எப்படி இருக்கா?"

"எந்நேரமும் அசதிங்கிறா," என்றாள் மனைவி வடிவு.

"அப்ப அவளுக்கும் ரத்தம் பார்த்துருங்க."

பார்க்கவில்லை. ஊரில் இருந்த ஒரே பரிசோதனைக் கூடம், மகள் அபிநயாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையது. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட நாகலிங்கம், தன் நோயைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று டாக்டரிடமும் சத்தியம் வாங்கினார்.

ஊர் வாயை மூட முடியுமா? கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். "ஈரல் கெட்டிருக்காமே சம்பந்தி. வம்சத்துல வர்ற சீக்கா?"

நாகலிங்கம் தலை குனிந்தார். "வம்சமெல்லாம் இல்லைங்க. ரகசியமாக் குடிச்சேன். இப்ப விட்டுட்டேன்."

வடிவு வாய் திறக்கவில்லை. குடிகாரன் மகளுக்குக் கல்யாணம் நடக்கும், சீக்காளி வம்சத்துப் பெண்ணுக்கு நடக்காது. நம் ஊர் நியாயம் அப்படி, வெட்கக்கேடு. கல்யாணம் நடந்தது. அபிநயா அப்பாவின் காலில் விழாமலே வண்டி ஏறினாள்.

நான்கு மாதம் கழித்து அவள் டாக்டரைத் தேடி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. அசதியை மாமியார் வீட்டில் மசக்கை என்றார்கள்.

"அப்பா நெசமாவே குடிச்சாரா, டாக்டர்?"

"அதை அவர்கிட்டதாம்மா கேக்கணும்." டாக்டர் சத்தியத்தைக் காத்தார். ரத்தம் பார்க்காமலே அவள் எழுந்து போய்விட்டாள்.

பொய் சொன்ன தகப்பன், பேசாதிருந்த தாய், வாக்கைக் காத்த டாக்டர். இதில் பெரிய தவறு யாருடையது?

விடை: என்னைக் கேட்டால், டாக்டருடையது. பெற்றவர்கள் செய்ததும் சின்னத் தவறல்ல. ஆனால் பயம் அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டது. டாக்டருக்கு அந்தப் பயம் இல்லை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, "நீ ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கோம்மா" என்று சொல்லியிருக்கலாம். சத்தியமும் உடைந்திருக்காது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அபிநயாவைக் கேட்டாலோ யோசிக்கக்கூட மாட்டாள். தவறெல்லாம் அந்தக் குடிகாரத் தகப்பனுடையதுதான் என்பாள்.