துக்கத்துக்கு மூன்று கூறு

வெள்ளரிக்குளம் ஊர்க்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. யாரும் அளந்து பார்த்ததும் இல்லை. நடந்ததை நான் சொல்கிறேன், அளக்கும் வேலை உங்களுடையது.

அந்த ஊரில் தளவாய், லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்பவன். மற்ற வியாபாரிகள் பதிவு செய்த குரலை ஓடவிட்டு விற்பார்கள். தளவாய் தானே பாடி விற்பான். டிவி பாட்டுப் போட்டிக்குத் திருநெல்வேலியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஊரே அவனைத் தள்ளி அனுப்பியது. துணைக்கு மூன்று சிநேகிதர்கள் போனார்கள்: டீக்கடை நம்பிராஜன், தையல்காரன் சொள்ளமுத்து, மைக்செட் இசக்கி.

விடியற்காலை வரிசையில் நின்று மத்தியானம் உள்ளே போன தளவாய், மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்தான். தாளம் சரியில்லை என்று மூத்த நடுவர் அனுப்பிவிட்டாராம்.

"இனிமே நான் வாயத் தொறந்து பாடமாட்டேம்லே" என்றான்.

பார்க்கவே பாவமாக இருந்தது. பாட்டில்லாத தளவாயை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

வாசலில் நின்ற டிவிக்காரப் பெண் நல்ல மனசுக்காரி. "அண்ணா, துக்கத்த மனசுலயே வச்சுக்காதீங்க. கூட வந்தவங்களோட பங்கு போட்டுக்குங்க, சரியாயிடும்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆலோசனை நடந்தது.

"துக்கத்த எப்படில பங்கு பிரிக்கது?" என்றான் இசக்கி.

"கிடா வெட்டுனா எப்படிப் பிரிப்போம்? அப்படித்தான்" என்றான் நம்பிராஜன்.

வெள்ளரிக்குளத்தில் கிடா வெட்டினால் கறியைக் கூறு கூறாக வைப்பார்கள். ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இன்னொருத்தன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பான். நிற்பவன் பார்க்காமலே ஒரு பேர் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் பேச்சே கிடையாது.

"உன் துக்கத்துல என்னென்னல இருக்கு?" என்று தளவாயைக் கேட்டார்கள்.

"அழுகை முட்டுது. சோறு எறங்காது. தூக்கம் வராது."

"மூணு கூறு. நாங்களும் மூணு பேரு. கணக்கு சரியாப் போச்சு."

கண்டக்டரைத் திரும்பி நிற்கச் சொல்லி மூன்று பெயர்களையும் சொல்லிக் கொடுத்தார்கள். டிக்கெட் எடுப்பது யார் என்று குலுக்குகிறார்கள் என்று நினைத்து அவரும் நின்றார். அழுகை நம்பிராஜனுக்கு விழுந்தது, சோறு இறங்காதது சொள்ளமுத்துவுக்கு, தூக்கம் வராதது இசக்கிக்கு.

"உனக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல. போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. இனிமே இதுல நீ தலையிடக்கூடாது" என்று தளவாயிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

நம்பிராஜனுக்கு அழுது பழக்கமில்லை. இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி உரிக்க ஆரம்பித்தான்.

"வெங்காயத்துக்கு அழுதா அது வெங்காயத் துக்கம்லா? தளவாய் துக்கம் அப்படியே கெடக்கும்" என்று இசக்கி தடுத்துவிட்டான். நியாயம் என்று பட்டதால் நம்பிராஜன் டீ ஆற்றிக்கொண்டே, தளவாயை நினைத்து நிஜமாகவே அழுதான். டீ குடிக்க வந்தவர்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். வாங்கிய மாலையை வீணாக்க முடியுமா? தளவாய் கழுத்திலேயே போட்டார்கள்.

சொள்ளமுத்து வெறும் மோரில் ஓடினான். இந்தத் துக்கத்தில் மோராவது இறங்குமா என்று தளவாயை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தான். பசி மயக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தான். இசக்கி கண் சொருகாமல் இருக்கக் கழுத்தளவு குளத்தில் போய் நின்றான். மீன் பிடிக்க வந்தவர்கள் அவனைச் சுற்றி வலை போட்டார்கள்.

நாலாம் நாள் சண்டை வந்தது.

"என் கூறுல எலும்புதாம்லே அதிகம்! பட்டினி கெடக்கதுக்கு அழுதுட்டுப் போயிரலாம். மாத்திக்கிடுவோமா?" என்றான் சொள்ளமுத்து.

நம்பிராஜன் விக்கி விக்கி அழுதுகொண்டே சொன்னான்: "கூறு விழுந்தா விழுந்ததுதான். நீ ஒரு சொட்டு அழுதாலும் என் பங்குல கைய வச்ச மாதிரி."

அதனால் பசியில் கண் கலங்கும்போதெல்லாம் சொள்ளமுத்து டீக்கடைக்கு ஓடிப்போய் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

தளவாயோ மூன்று வேளையும் சாப்பிட்டான், அடித்துப் போட்டது போலத் தூங்கினான். எட்டாம் நாள் வெங்காயம் அள்ளும்போது முணுமுணுத்தான். ஒன்பதாம் நாள் தெரு அதிரப் பாடினான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிநேகிதர்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதைக் காட்ட உடம்பில் தெம்பில்லை.

பத்தாம் நாள் டிவியிலிருந்து போன் வந்தது. முதலில் கழித்தவர்களில் சிலருக்கு இன்னொரு வாய்ப்பாம். நாலு பேரும் போனார்கள். நன்றாகத் தூங்கிய உடம்பு, தாளம் பிசகவே இல்லை.

"தேர்வாயிட்டீங்க தம்பி" என்றார் மூத்த நடுவர்.

தளவாய்க்குக் கண் கலங்கியது. உடனே, வெளியே நின்ற நம்பிராஜனைக் கூப்பிட்டான். கூடவே மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள்.

"சார், இவன் துக்கத்த நாங்க பங்கு போட்டுக்கிட்டோம். இப்ப சந்தோஷத்த மட்டும் இவன் ஒருத்தனே கொண்டுட்டுப் போனா நாயமா?" என்றான் சொள்ளமுத்து.

"நாயமில்லதான்" என்றான் தளவாய்.

மூத்த நடுவரைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததாலும், ஏதோ கிராமத்து மரியாதை என்று நினைத்ததாலும் அவரும் நின்றார். டிவியில் முகம் காட்டுவது இசக்கிக்கு விழுந்தது. கைதட்டல் நம்பிராஜனுக்கு. தேர்வானவர்களுக்குப் போடும் சாப்பாடு தளவாய்க்கு. பாடுவது சொள்ளமுத்துவுக்கு.

சொள்ளமுத்து பாடினான். பத்து நாள் மோர் பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். நாலு பேரையும் சேர்த்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

தளவாய் முகம் செத்துப்போயிற்று. "பாட்டே வேண்டாம்லே எனக்கு" என்றான்.

"ஐயையோ, புதுத் துக்கம்! பழசே இன்னும் தீரல, இத எங்கல வைக்கது?" என்று பதறினான் இசக்கி.

நம்பிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவர்களை எண்ணினான். மூன்று பேர். துக்கமும் மூன்று கூறு. இசக்கி அந்த இடத்திலேயே முதுகைக் காட்டி நின்றான். பட்டினி, நடுவராக இருந்த அம்மாவுக்கு, தூக்கமின்மை தாடி வைத்தவருக்கு, அழுகை மூத்த நடுவருக்கு. மறந்துவிடுவார்களே என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த நிமிஷமே தளவாய்க்குப் பாரம் இறங்கிவிட்டது. ஊர் வரைக்கும் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் பாடினாள். மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

நம்பிராஜன் கிட்டப் போய் உற்றுப் பார்த்தான். பத்து நாள் அனுபவம் பேசியது.

"ரெண்டே சொட்டு. அதுவும் தளவாய நெனைச்சு அழல."

நீண்ட நேரம் கலந்து பேசி, மறுநாளே டிவிக்கு ஒரு கார்டு போட்டார்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அழுகை தேர்வாகவில்லை. மனம் தளர வேண்டாம். நன்றாகப் பழகிக்கொண்டு அடுத்த வருடம் டீக்கடைக்கு வரவும். வரிசையில் வரவும்."