தூணைத் தொடாமல் ஏழு மடங்கு

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்க வேண்டும். எந்தக் காலம் என்று குடையாதீர்கள், எனக்குக் கதை மறந்துவிடும். மணிவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். பட்டப்பகலிலும் கனவு காண்கிறவர். ஒருநாள் கனவில் வட்டமான அல்லிக் குளத்தைச் சுற்றி ஆறு பெண்கள் கும்மியடித்தார்களாம். ஆளுக்கொரு எண்ணைப் பாடினார்களாம்: ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு.

விழித்ததும் அரண்மனைக் குளத்தைச் சுற்றி ஆறு தூண்கள் நட்டு, அந்த எண்களை வெட்டிப் பூசையும் போட்டாயிற்று. தினமும் மாலையில் ராஜா படகேறி, கிழக்குத் தூணில் தொடங்கி வலமாகச் சுற்றுவார். "ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு" என்று வாசித்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு சுகம்!

நான்கே மாதத்தில் சலித்துவிட்டது. "நாளை மாலைக்குள் இந்த எண் இரண்டு மடங்காக வேண்டும். பூசை போட்ட தூண்களை எவரும் தொடலாகாது!" என்றார்.

மந்திரி கார்மேகத்துக்கு அரசவை விகடர் திருமேனி மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். "பிரபு, நம் விகடர் செய்து முடிப்பார். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

திருமேனியின் மனைவி ஆவுடைக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு நான் எந்தக் காட்டுக்குப் போவேன்?" என்று அழுதாள். திருமேனி மறுநாள் பகல் முழுவதும் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மாலையில் நீர்மேல் பனி படர்ந்திருந்தது. அல்லிகள் மெல்ல விரிந்தன. ராஜாவையும் மந்திரியையும் படகில் ஏற்றித் திருமேனியே துடுப்புப் போட்டார். கிழக்குத் தூணில் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. மூன்றாவது தூணில் நிறுத்தி, "இங்கிருந்து சுற்றி வாசியுங்கள், பிரபு" என்றார்.

"இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு... அடடா, சரியாக இரண்டு மடங்கு!"

"மோசடி! இவர் மன்னரை அல்லவா நகர்த்தியிருக்கிறார்!" என்று மந்திரி குதித்தார்.

"தூணைத் தொடக்கூடாது என்பதுதான் கட்டளை. மன்னரை நகர்த்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே" என்றார் திருமேனி.

ராஜாவுக்குக் குஷி. மூன்று மடங்கு, நான்கு, ஐந்து, ஆறு என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூணில் தொடங்கியது.

"ஏழு மடங்கு எங்கே ஐயா? ஏழாவது தூண் இல்லையே!" என்று மந்திரி இளித்தார்.

திருமேனி படகைக் குளத்தின் நடுவுக்கு விட்டார். "ஒரு மடங்கும் ஆறு மடங்கும் சேர்ந்தால் ஏழு. ஒரு மடங்கு ஒன்றில் தொடங்கும். ஆறு மடங்கு நேர் எதிரே எட்டில் தொடங்கும். எதிரெதிர்த் தூண்களைக் கூட்டிக்கொண்டே சுற்றிப் பாருங்கள், பிரபு."

ராஜா மெதுவாகத் திரும்பினார். ஒன்றும் எட்டும் ஒன்பது. நான்கும் ஐந்தும் ஒன்பது. இரண்டும் ஏழும் ஒன்பது. மிச்சச் சுற்றிலும் அதே ஒன்பதுகள்தான். "ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது!" என்று படகே ஆடும்படி சிரித்தார். "திருமேனி, உம் மனைவியின் வளைகாப்பு இந்தக் குளக்கரையில்தான். ராணியே ஏழு பொன்வளையல் போடுவாள்!"

வெள்ளிக்கிழமை கைநிறைய வளையலோடு ஆவுடை படகில் குளத்தைச் சுற்றினாள். துடுப்புப் போட்டது யார் என்கிறீர்களா? ராஜ கட்டளைப்படி மந்திரி கார்மேகம்தான். எந்தத் தூணில் நிறுத்துவது என்று ஒவ்வொரு தடவையும் ஆவுடையிடம் கேட்டுக்கொண்டார்.