ஆணியும் குருத்தோலையும்

ஒரு வீட்டுச் சுவரில் ஒரு குருத்தோலை குடியிருந்தது. குருத்தோலை ஞாயிறன்று அதை உயர்த்திப் பிடித்து "ஓசன்னா" பாடிக்கொண்டே பவனி வந்த தெக்லம்மாள், வீட்டுக்கு வந்ததும் சிலுவையாக மடித்து, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். ஓலைக்குத் தலைகால் புரியவில்லை.

"நாங்க வெற்றிக்கு அடையாளமாக்கும்! எருசலேமில ஆண்டவர் கழுதை மேல வந்தப்போ வரவேத்தது எங்க இனம்தான். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சி படம் எதை வேணா பாரு, கையில நாங்க இருப்போம்" என்று பெருமையடித்தது.

படம் தொங்கிய ஆணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஞாயித்துக்கிழமை உங்களை ஆட்டின ஊர்தானே வெள்ளிக்கிழமை அவரைச் சிலுவையில அறைய எங்களைத் தேடிச்சு? போன வருசத்து ஓலை எங்கேன்னு கேட்டியா?"

"எங்கே?"

"போனது திரும்பல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அன்றோடு போயிற்று ஓலையின் நிம்மதி. தெக்லம்மாள் முழந்தாளிட்டுச் செபம் சொன்னாலும் சந்தேகம், தூசி தட்ட வந்தாலும் சந்தேகம். "சிரிக்கிறாளே, என்னமோ திட்டம் வச்சிருக்கா" என்று முணுமுணுக்கும். ஆணியையாவது நம்பியதா? ஆண்டவர் கையைத் துளைத்த கூட்டமாயிற்றே! இப்படியே காய்ந்து சருகானது.

தவக்காலம் நெருங்கியது. வாசலில் கோயில் உபதேசியார் குரல் கேட்டது. "பழைய குருத்தோலை இருந்தா குடுங்கம்மா. சாம்பல் புதனுக்கு நெத்தியில பூசச் சுட்டுச் சாம்பலாக்கணும்."

போன வருசத்து ஓலை போன இடம் ஓலைக்கு இப்போது புரிந்துவிட்டது.

"ஏட்டி, அது நல்லாத்தானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் புருசன் வியாகுலம்.

"பெறவு பூச்சி அரிச்சுக் குப்பைக்குப் போகவா? மந்திரிச்ச ஓலை. கோயிலுக்குத்தான் போகணும்" என்று கையை நீட்டினாள் அவள்.

ஓலை ஆணியைக் கட்டிக்கொண்டது. "அண்ணே, விட்டுராதே!" ஆணியும் பிடித்துத்தான் பார்த்தது. ஓரம் கிழிந்ததுதான் மிச்சம்.

"அடிப் பாவி! ஓசன்னா பாடின வாயா இது!" என்று ஓலை கத்தியது யார் காதிலும் விழவில்லை. கோயில் முற்றத்தில் மற்ற ஓலைகளோடு சேர்த்துத் தீ வைத்தார்கள். எரிந்து சாம்பலாயிற்று.

புதன்கிழமைப் பூசையில் சாமியார் கட்டைவிரலால் அந்தச் சாம்பலைத் தொட்டு எடுத்தார். எதிரே தலை குனிந்து நின்றது சாட்சாத் தெக்லம்மாள்!

"வசமா மாட்டினியா? உன் கண்ணுல விழுந்து உறுத்தாம விடமாட்டேன்" என்று கறுவிக்கொண்டது ஓலை.

சாமியார் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். "நீ மண்ணாய் இருக்கிறாய். மண்ணுக்கே திரும்புவாய்."

ஓலை திடுக்கிட்டது. என்னை எரிக்கக் கொடுத்தவளுக்கா இந்தத் தீர்ப்பு? தெரிந்தேதான் வந்து நிற்கிறாளா? அவள் நெற்றி சில்லிட்டிருந்தது, உதடு நடுங்கியது. அட, இவளுக்கும் பயம்தான்! இவளையா வருசம் முழுக்கச் சந்தேகப்பட்டோம் என்று ஓலைக்கு வெட்கமாகப் போயிற்று.

அது கண்ணில் விழவில்லை. நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னது.

"பயப்படாத பிள்ள. நான் போய்ப் பார்த்த வழிதான்."