நூற்றுக்கு நூறு வாங்கிய பூனை

ஒரு காட்டில், ஆற்றைக் கடக்க விரும்புகிறவர்கள் ஆமையின் முதுகில் ஏறிக்கொள்வார்கள். இது சிங்க ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரைக் கேட்டு ஏற்றுகிறான்? இனி உரிமம் இல்லாமல் யாரும் யாரையும் கரை சேர்க்கக் கூடாது. தேர்வு வையுங்கள்!" என்று உத்தரவு போட்டார்.

தேர்வு அதிகாரியாகக் கீரி வந்தது. கறார் என்றால் அப்படியொரு கறார். இலையில் கரியால் எழுதும் விடை ஈரம் பட்டால் அழிந்துவிடுமாம். அதனால் தேர்வு நடக்கும் குகை வாசலில் ஒரு பலகை மாட்டியது: "நனைந்தவர்களுக்கு அனுமதி இல்லை."

ஆற்றிலிருந்து நேராக வந்த ஆமை சொட்டச் சொட்ட நின்றது.

"ஐயா, நீந்துகிறவன் நனையாமல் எப்படி வருவான்?"

"அதை நேற்றே யோசித்திருக்க வேண்டும். அடுத்தவர்!"

நீர்நாயும் வாத்தும் அப்படியே திரும்பின. உலர்ந்து வந்தது பூனை மட்டும்தான். பனித்துளி பட்டாலே காலை உதறும் பூனை அது. ஆனால் மனப்பாடத்தில் புலி. நூற்றுக்கு நூறு வாங்கி, உரிமத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

மறுநாளே வெள்ளம் வந்தது. ஆற்று நடுவே மணல்திட்டில் மேய்ந்துகொண்டிருந்த முயல் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, காப்பாற்றுங்கள்!"

பூனை கரையில் நின்று தொண்டையைக் கனைத்தது. "கேள்வி மூன்று. மூழ்குகிறவர் முதலில் பதறக் கூடாது. ஐந்து மதிப்பெண்."

"தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது!"

"அது கேள்வி ஏழு. வரிசைப்படிதான் வருவேன்."

ஆமைக்கு மனம் கேட்கவில்லை. ஆற்றில் இறங்கப் போனது. கீரி குறுக்கே பாய்ந்து, "உரிமம் எங்கே?" என்று மிரட்டியது. அதற்குள் கரை இடிந்து, கீரியே ஆற்றில் விழுந்தது.

ஆமை நேரே திட்டுக்குப் போய் முயலை ஏற்றிக்கொண்டது. திரும்பும் வழியில் கீரி தத்தளித்துக்கொண்டிருந்தது.

"என்னையும் தூக்கு!"

"உரிமம் இல்லையே, ஐயா."

"தந்தேன்! நீ தேறிவிட்டாய்!"

"நான் தேர்வே எழுதவில்லையே?"

"இதுதானப்பா தேர்வு!" என்று அலறிய கீரி, ஒரு வாய் தண்ணீரும் குடித்தது.

ஆமை அதையும் ஏற்றிக் கரை சேர்த்தது. உடனே உரிமம் எழுதிக் கொடுக்கக் கீரி குகைக்கு ஓடியது. கரையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட பூனை வாசலை மறித்து நின்றது.

"நனைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, ஐயா."

நீதி: வேலையைச் செய்து காட்ட விடாத தேர்வில், வேலை தெரியாதவரே முதலிடம் பெறுவார்.