முப்பதாயிரத்து முப்பத்தொன்று

மலையடிவாரத்து மடத்தில் ஏழு சீடர்கள். ஏழாவதாக வந்து சேர்ந்தவர் சடையப்பர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மனைவி போன பிறகு மகன் வீட்டில் இருந்து பார்த்தார், ஒத்துவரவில்லை. மடத்துக்கு வந்தார், மற்ற ஆறு பேரோடும் ஒத்துவரவில்லை. ஒருத்தர் குறட்டை விட்டாராம், இன்னொருத்தர் குழம்பில் புளியை அள்ளிக் கொட்டினாராம். மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது!

அன்று காலை துணிமூட்டையோடு குருவின் முன் வந்து நின்றார். குரு மருதம்மை அவரைவிட வயதில் சின்னவர். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உத்தரவு கொடுங்கம்மா. மேலே குகையிலே தனியா இருந்துக்கறேன்."

"ஏன் வாத்தியாரே?"

"நான் யாரோடயும் சேராத எண்."

"எந்த எண்?"

சடையப்பருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. கரித்துண்டு ஒன்றை எடுத்து முற்றத்தில் கிடந்த பலகைக்கல்லில் எழுதினார்.

"முதல் ஆறு பகா எண். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு. எல்லாத்தையும் பெருக்கினா முப்பதாயிரத்து முப்பது. ஒண்ணு கூட்டுங்க, முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு. இந்த ஆறிலே எதாலே வகுத்தாலும் ஒண்ணு மிச்சம். அதுதாம்மா நான். இங்கேயும் ஆறு பேர்தான்."

"வேற எதாலயாவது வகுத்துப் பார்த்தீங்களா?"

"ஆறுக்கும் சேராதது வேற எதுக்குச் சேரப்போகுது?"

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இப்படிச் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பார்.

"பார்த்துட்டுப் போங்களேன். குகை எங்கே ஓடிடப்போகுது?"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுத்தடுத்த பகா எண்களை எடுத்துக்கொண்டார். பதினேழால் வகுத்தார், ஒன்பது மிச்சம். பத்தொன்பதால் வகுத்தார், பதினொன்று மிச்சம். இருபத்துமூன்றும் சேரவில்லை, இருபத்தொன்பதும் சேரவில்லை. கல் நிரம்பியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். வெயில் ஏறியது. கல்லை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

குறட்டைக்காரர் ஒரு குவளை நீர்மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சடையப்பர் நிமிராமலே குடித்தார்.

ஐம்பத்துமூன்றும் மிச்சம் விட்டது. "சரி, அடுத்தது வா" என்று செல்லமாக முணுமுணுத்துவிட்டு ஐம்பத்தொன்பதுக்குப் போனார்.

கரி நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். ஐம்பத்தொன்பதை ஐந்நூற்றொன்பதால் பெருக்கினால், அதே முப்பதாயிரத்து முப்பத்தொன்று.

"அம்மா! மிச்சமே இல்லம்மா! சேருது!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மருதம்மை கீரைக்காம்புகளை ஒதுக்கினார்.

"பதிமூணுக்கும் இதுக்கும் நடுவிலே எத்தனை சேராம போச்சு?"

"பத்து."

"அந்தப் பத்திலே எது மேலயாவது கோபம் வந்ததா?"

சடையப்பர் கரித்துண்டைக் கீழே வைத்தார். அப்போதுதான் பக்கத்திலிருந்த காலிக் குவளை கண்ணில் பட்டது. அதைக் கையில் எடுத்தார்.

"இந்த மோரை யாரும்மா வச்சது?"

"ஒவ்வொருத்தரா கேட்டுப் பாருங்க வாத்தியாரே. ஆறு பேர்தானே."